600 ரூபாய் காலர் மைக்: முதலில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்மா வீட்டில் சமையல் வீடியோ போடுகிறார். போன் ஸ்டாண்டில் நிற்கிறது, அம்மா அடுப்பருகே நின்று பேசுகிறார். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று பார்ப்பவர்கள் சொன்னதால் 600 ரூபாய்க்கு ஒரு வயர்லெஸ் காலர் மைக் வாங்கியாயிற்று. வாங்கிய பிறகும் அம்மா கிணற்றுக்குள் நின்று பேசுவது போலவே இருக்கிறது. 5,000 ரூபாயில் நல்ல மைக் வாங்கினால் சரியாகிவிடுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். 'கிணற்றுக்குள் பேசுவது போல' என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. எவ்வளவு மட்டமான மைக்காக இருந்தாலும், அதை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்திக்கொண்டு பேசினால் குரல் கிணற்றுக்குள் கேட்காது. இரையலாம், கரகரக்கலாம், தகர டப்பாவில் பேசுவது போல இருக்கலாம். ஆனால் தூரத்தில் கேட்காது. தூரத்தில் கேட்கிறது என்றால், பெரும்பாலும் உங்கள் போன் அந்த மைக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. வழக்கம்போலத் தன் சொந்த மைக்கில்தான் பதிவு செய்துகொண்டிருக்கிறது. மைக்கில் பச்சை விளக்கு எரிகிறதே என்பீர்கள். மைக்கும், போனில் செருகும் குட்டித் துண்டான ரிசீவரும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன என்பதற்குத்தான் அந்த விளக்கு. ரிசீவர் சொல்வதைப் போன் கேட்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ரிசீவரைப் போனில் செருகி, வீடியோ ரெக்கார்டைப் போடுங்கள். மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அப்புறம் போனின் அடிப்பக்கம், சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டையைச் சுரண்டுங்கள். நிறுத்திவிட்டுப் போட்டுக் கேளுங்கள். எந்தச் சுரண்டல் காதுக்குள் எலி பிறாண்டுவது போலக் கேட்கிறதோ, அந்த மைக்தான் வேலை செய்கிறது. 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லிப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்தில் நின்று ஹலோ சொன்னால் இரண்டு மைக்கிலும் நன்றாகத்தான் கேட்கும்.

போட்டுக் கேட்கும் முன் ரிசீவரைப் பிடுங்கிவிட வேண்டும், மறக்காதீர்கள். பல போன்கள் அதை ஹெட்செட் என்று நினைத்துக்கொண்டு ஒலியை அதற்குள் அனுப்பிவிடும். ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. 'சத்தமே பதிவாகவில்லை' என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். சத்தம் உள்ளேதான் இருந்தது.

சரி, போன் மைக்கைக் கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது. ஏன்?

முதல் சந்தேகம் ஓடிஜி, அதாவது சார்ஜர் துளையில் வேறு கருவிகளைச் செருகிப் பயன்படுத்தும் வசதி. ஒப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்கள் பலவற்றில், டைப்-சி துளையில் எதையாவது செருகினால் அதற்குத் தானாக உயிர் வராது. செட்டிங்ஸில் 'ஓடிஜி' என்று தேடினால் ஒரு சுவிட்ச் வரும், அதைப் போட வேண்டும். இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சுமார் 10 நிமிடம் ஒன்றும் செருகாமல் இருந்தால் அந்த சுவிட்ச் தானே அணைந்துவிடும். காலையில் எல்லாம் சரியாக இருந்து, மதியம் எடுத்த வீடியோ மட்டும் சொதப்புவதற்கு இது போதும்.

இரண்டாவது, போனின் பேக் கவர். தடித்த ரப்பர் கவர் போட்டிருந்தால் ரிசீவரின் முனை முழுதாக உள்ளே போகாது. முக்கால்வாசி நுழைந்து நிற்கும், விளக்கும் எரியும், ஒலி போகாது. கவரைக் கழற்றிவிட்டு அழுத்திச் செருகிப் பாருங்கள்.

மூன்றாவது, கேமரா ஆப். சில போன்களில் வரும் கேமரா ஆப், வெளி மைக் செருகியிருந்தாலும் தன் மைக்கையே எடுத்துக்கொள்கிறது. சாம்சங் போன்களில் பலவற்றில் 'ப்ரோ வீடியோ' என்ற பிரிவு இருக்கிறது, அதில் மைக் படத்தைத் தொட்டு 'யூஎஸ்பி' என்று தேர்ந்தெடுக்கலாம். உங்கள் போனில் அப்படி ஒன்றும் இல்லையென்றால் 'ஓபன் கேமரா' என்ற இலவச ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் வீடியோ செட்டிங்ஸில் ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. 'பிளாக்மேஜிக் கேமரா' என்று இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோனுக்கு 2023-லும் ஆண்ட்ராய்டுக்கு 2024-லும் வந்தது. அது எல்லா ஆண்ட்ராய்டு போன்களிலும் ஓடாது. ஓடினால் நல்லது, ஏனென்றால் பேசும்போதே ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று திரையில் பட்டையாகக் காட்டும்.

ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, செருகினால் எடுத்துக்கொள்ளும். ஆனால் வாங்கும்போது முனையைப் பார்த்து வாங்க வேண்டும். 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி, அதற்கு முந்தையவற்றுக்கு லைட்னிங்.

இவ்வளவும் பார்த்து, நகத்தால் சுரண்டும் சோதனையில் மைக் ஜெயித்துவிட்டால் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்கு வருவோம்.

காலர் மைக் செய்வது ஒரே ஒரு வேலைதான். அது வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் இருப்பது மிளகு அளவுக்கு ஒரு சில்லு. 600 ரூபாய் மைக்கிலும் 20,000 ரூபாய் மைக்கிலும் அந்தச் சில்லில் இருக்கும் வித்தியாசம், விலையில் இருக்கும் வித்தியாசம் அளவுக்கு இருக்காது. ஆனால் பக்கத்தில் இருப்பதன் பலன் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து மைக்குக்கு 20 சென்டிமீட்டர், ஸ்டாண்டில் நிற்கும் போனுக்கு 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 20, 40, 80, 160 என்று மூன்று முறை இரட்டிப்பாகிறது. ஆக 18 டெசிபல் வித்தியாசம். எக்ஸாஸ்ட் ஃபேனின் சத்தமும், டைல்ஸ் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் போனுக்கும் மைக்குக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்து சேர்கின்றன. குரல் மட்டும் 18 டெசிபல் ஏறி நிற்கிறது. இதைச் செய்து தர 600 ரூபாய் மைக்கே போதும், சரியான இடத்தில் குத்தினால்.

இடம் என்று வரும்போதுதான் புடவை குறுக்கே வருகிறது. இந்த மைக்குகளை வடிவமைத்தவர்கள் சட்டைக் காலரை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அம்மா முந்தானையின் ஓரத்தில் கிளிப்பைக் குத்துவார். முந்தானை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. குனிந்தால் முன்னால் விழும், கையைத் துடைப்பார், இடுப்பில் செருகுவார். ஒவ்வொரு முறையும் சரக் சரக் என்று கேட்கும். கஞ்சி போட்ட காட்டன் இன்னும் மோசம், பட்டு அதைவிட மோசம். தோள் மடிப்பை ஒரு ஊக்குப் போட்டு ரவிக்கையோடு இறுக்கிவிட்டு, அந்த மடிப்பின் உள்விளிம்பில், நெஞ்செலும்புக்குப் பக்கமாக மைக்கைக் குத்துங்கள். துணி துணியோடு உரசாமல் இருப்பதுதான் முக்கியம்.

அப்புறம் தாலிச் சங்கிலி. அம்மா குனிந்து வாணலியைக் கிளறும்போது சங்கிலி ஊசலாடி மைக்கில் 'டிக்' என்று தட்டும். வீடியோ எடுக்கும்போது உங்களுக்குக் கேட்காது. போட்டுக் கேட்டால் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், வளையலையும் ஒரு கையில் குறைத்துக்கொண்டால் நல்லது. வளையல் சத்தம் அழகாகத்தானே இருக்கும் என்று என் மனைவி சொல்வார். பாத்திரத்தில் படாதவரை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மைக் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை எல்லாப் பக்கமும் கேட்கிறவை. தலைகீழாகக் குத்தினாலும் குரல் வரும், மூச்சுக்காற்று நேரே மோதாமல் இருப்பதால் சில சமயம் அதுவே நல்லது. மிகவும் மேலே, தொண்டைக் குழியருகே குத்தினால் மோவாயின் நிழலில் குரல் மந்தமாகிவிடும். சாண் கணக்கே சரி.

கையில் பிடித்துக்கொண்டு வாயருகே வைத்துப் பேசும் பழக்கம் இப்போது எல்லோரிடமும் தொற்றியிருக்கிறது. குட்டி மைக்கை இரண்டு விரலால் பிடித்துப் பேசுகிறார்களே, அது. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பேட்டி எடுக்கும்போது அது நியாயமானது. சுற்றுச் சத்தம் பலமாக இருக்கும் இடத்தில் மைக் இன்னும் பக்கத்தில் வந்தால்தான் குரல் நிற்கும். சமையலில் இரண்டு கையும் வேண்டும், அதனால் விட்டுவிடுங்கள்.

பெரும்பாலான மலிவு மைக்குகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு நிறம் மாறும். இரைச்சல் நீக்கம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். உங்களுடையதில் அது போடப்பட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். விட்டுவிடாமல் ஒரே சீராக வரும் ஓசையை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அதை வெட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் 'ச', 'ஸ' போன்ற காற்றொலிகளும் அதன் காதுக்கு இரைச்சல் மாதிரியே இருக்கின்றன. அம்மா 'கசகசா ஒரு ஸ்பூன்' என்றால் அதில் பாதி எழுத்தை மைக் விழுங்கிவிடும். சொல்லின் கடைசியும் மழுங்கும். ஃபேன் சத்தத்தை மைக்கால் வெட்டுவதைவிட ஃபேனை அணைப்பது நல்லது. பேசும் நேரத்துக்கு மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள். மிக்ஸி ஓடும்போது பேசவே வேண்டாம், அந்தக் காட்சியை எடுத்துவிட்டு அப்புறம் பேசலாம். ஃப்ரிட்ஜ் சத்தத்தை நாம் கேட்டுக் கேட்டு மறந்திருப்போம், மைக் மறக்காது. பேசி முடிக்கும் வரை அதையும் அணைத்து வைக்கலாம். திரும்பப் போட மறந்தால் பாலோடு சேர்ந்து நமக்கும் திட்டு விழும், ஆகவே என் வீட்டில் பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். வெளியே கிளம்ப வேண்டுமானால் அதைத் திறந்தே ஆக வேண்டும்.

அப்படியும் அடியில் ஒரு 'ம்ம்ம்' ஓசை தங்கினால், எடிட்டிங் ஆப்பின் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குறைத்துவிடலாம். நம் ஊர் மின்சாரத்தின் முனகல் 50 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பெண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 165 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும், அதனால் அம்மா குரலுக்கு ஒன்றும் ஆகாது. போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே பதிவு செய்தாலும் இந்த முனகல் வரக்கூடும். ரிசீவரில் சார்ஜர் செருக ஒரு துளை கொடுத்திருக்கிறார்கள்தான். நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

எதிரொலிக்கும் ஒரு வார்த்தை. டைல்ஸ் ஒட்டிய சமையலறை, கிரானைட் மேடை, எவர்சில்வர் பாத்திரங்கள் என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. கேமராவில் தெரியாத பக்கத்தில் ஒரு கொடி கட்டி, கனமான போர்வை இரண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அடுப்புக்கு நன்றாகத் தள்ளி. வித்தியாசம் ரெக்கார்டு போடாமலே காதுக்குத் தெரியும்.

குரல் விட்டு விட்டு வருகிறது என்றால் அது வேறு கதை. இந்த மைக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. அதைவிடப் பெரிய தடை மனித உடம்பு. நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், இந்த அலையைத் தண்ணீர் நன்றாகக் குடித்துவிடும். பெட்டியில் 20 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அது நடுவில் ஆள் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. அம்மா போனுக்கு முதுகைக் காட்டி அலமாரியில் பருப்பு டப்பா தேடும் அந்த நாலு வினாடிதான் குரல் அறுந்துபோகும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் சித்தி போன் செய்து வீடியோ நின்றுபோகும் ஆபத்தும் இதனால் இல்லை.

இதைப் படிக்கும் வேறு சிலர், இருக்கிற புளூடூத் நெக்பேண்டையே மைக்காக வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனால் டெலிபோனில் பேசுவது போலத்தான் இருக்கும். மைக் போடும்போது அது அழைப்புக்கான முறைக்கு மாறி, ஒலியை வெகுவாகச் சுருக்கிவிடும். உதட்டசைவும் குரலும் கொஞ்சம் விலகியும் போகும். காலர் மைக்கின் தாமதம் பொதுவாக 20 மில்லிவினாடி அளவில்தான். 25 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமே 40 மில்லிவினாடி என்பதால் கண்ணுக்குத் தெரியாது.

பேட்டரி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில், ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் பெரியவர் ஒருவரைப் பேச வைத்து எடுத்தேன். 2022-ல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அவர் மரத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம், பழைய வீடுகளின் உத்திரங்களை ஏன் தேடிப் போகிறார்கள் என்று 40 நிமிடம் பேசினார். 22-வது நிமிடத்தில் மைக்கின் உயிர் போயிருக்கிறது. போன் ஒன்றுமே சொல்லவில்லை. ரிசீவர் செருகியே இருந்ததால் அது தன் மைக்குக்கு மாறவும் இல்லை, வெறும் மௌனத்தைச் சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. மீதி 18 நிமிடமும் அவர் வாய் அசைகிறது, கை உளியை ஓட்டுகிறது, சத்தம் இல்லை. மறுவாரம் மறுபடி பஸ் ஏறினேன். பெரியவர் கோபிக்கவில்லை, திரும்பவும் சொன்னார். ஆனால் முதல் தடவை சொன்ன மாதிரி வரவில்லை. அதிலிருந்து பத்துப் பத்து நிமிடமாக நிறுத்தி நிறுத்தித்தான் எடுக்கிறேன். பெட்டியில் ஆறு மணி நேரம் என்று இருந்தால் மூன்று என்று எடுத்துக்கொள்கிறேன். ரொம்ப நாள் சும்மா கிடந்த மைக்கை நம்புவதே இல்லை.

கடைசியாக, காசு. கே8, கே9 என்று ஆன்லைனில் 400 முதல் 800 ரூபாய்க்கு விற்பவற்றில் எழுதியிருப்பது கம்பெனி பெயர் அல்ல, அச்சு ஒன்றுதான், செய்பவர்கள் பலர். ஒன்று நன்றாக இருக்கும், அதே படம் போட்ட இன்னொன்று ஒரு மாதத்தில் படுத்துவிடும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நகச் சோதனையையும் ஒரு மணி நேர ஓட்டத்தையும் முடித்துவிடுங்கள். இவற்றின் பெரிய குறை, ஒலியளவைக் கூட்டக் குறைக்க வழியில்லாதது. அம்மா சிரித்தாலோ உரக்கக் கூப்பிட்டாலோ ஒலி உச்சியில் முட்டிக் கிழியும், கிழிந்ததை எந்த ஆப்பாலும் ஒழுங்காகத் தைக்க முடியாது. மைக்கை நாலு விரற்கடை கீழே இறக்குவதுதான் நமக்கு இருக்கும் ஒரே திருகாணி.

விலை ஏறினால் கிடைப்பவை இவைதான்: ஒலியளவுத் திருகாணி, அறுந்துபோகாத சிக்னல், இன்னும் மேலே போனால் மைக்குக்குள்ளேயே ஒரு நகல் பதிவு. ரோடு நிறுவனத்தின் வயர்லெஸ் ப்ரோ, டிஜேஐ மைக் 2 போன்றவற்றில் 32 பிட் ஃபுளோட் என்ற முறையில் பதிவாகும். கத்தினாலும் கிசுகிசுத்தாலும் பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம். கல்யாண வீடியோ எடுப்பவருக்கு அது சோறு போடும். உங்கள் வீட்டு அடுப்படிக்குத் தேவையில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வயர்லெஸ்ஸே வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். போயா பிஒய்-எம்1 போன்ற வயர் உள்ள காலர் மைக்குக்கு 6 மீட்டர் வயர் இருக்கிறது. அம்மா நிற்பது ஒரே இடத்தில். சிக்னல் அறுவது இல்லை, சார்ஜும் போட வேண்டியதில்லை. போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாவிட்டால், மைக்கையும் ஏற்கும் டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். பாட்டு கேட்க மட்டும் உதவும் கன்வெர்ட்டர்களும் கடையில் அதே டப்பாவில் கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பெட்டியில் இரண்டு மைக் இருந்ததா? இருந்திருந்தால் இரண்டாவதைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் மலிவு செட்டுகளில் இரண்டு ஒலியும் கலந்து ஒன்றாகிவிடும், அப்புறம் பிரிக்க முடியாது. ஆகவே அம்மா பேசி முடித்த பிறகு, முதல் மைக்கை அணைத்துவிட்டு, இரண்டாவதை வாணலியிலிருந்து ஒரு கை தூரத்தில், எண்ணெய் தெறிக்காத பக்கமாக வைத்து, தாளிப்பை மட்டும் தனியாக ஒருமுறை எடுத்துவிடுங்கள். கடுகு வெடிப்பதும், அதில் கறிவேப்பிலை விழும் சத்தமும் காதருகே கேட்கும். அதை அம்மா பேசும் வீடியோவில் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.